மிளகையும் கருப்பனையும் கூட்டிக்கொண்டு பாலைவனத்தில் குளிர்காலம்

அரிசோனா பாலைவனத்தில் வண்டியை நிறுத்தி, மிளகு, கருப்பன் என்ற எங்கள் இரண்டு நாய்களையும் உள்ளேயே விட்டுக் கதவைச் சாத்தியதும் நான் செய்யும் முதல் வேலை, தரையில் மண்டி போட்டுத் தவழ்வது. முதல் வருஷம் பக்கத்து வண்டிக்காரர் நான் ஏதோ பிரார்த்தனை செய்கிறேன் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார். நான் தேடிக்கொண்டிருந்தது ஆணி. இங்கே வருஷா வருஷம் வருகிறவர்கள் சரக்குப் பலகைகளை உடைத்துத்தான் கணப்பு போடுகிறார்கள். பலகை சாம்பலாகிப் போகும், ஆணி மட்டும் கிடக்கும். அதோடு உடைந்த பாட்டில் சில்லு. நின்றபடி பார்த்தால் எல்லாம் ஒரே சரளைக்கல்லாகத் தெரியும். நாயின் முகம் இருக்கிற உயரத்துக்கு இறங்கினால்தான் எது கல், எது ஆணி என்று புரியும்.

கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த உயரத்திலிருந்து பார்த்தவை. எந்த ஆர்.வி. (வீடு போலத் தங்கிப் பயணம் போகும் வண்டி) வாங்குவது, கழிவுத் தொட்டியை எப்படிக் காலி செய்வது என்றெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நாயோடு போகிறவர்களுக்கு மட்டும் நான் சொல்கிறேன்.

எங்கள் வீடு ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில். இவர் ஓய்வு பெற்றதும் 24 அடி நீளத்தில் கிளாஸ் சி என்ற ரகத்தில் பழைய ஆர்.வி. ஒன்று வாங்கினோம். இதோடு நாலு குளிர்காலம் அரிசோனாவில் கழித்தாயிற்று. உண்மையைச் சொன்னால் போனது கருப்பனுக்காக. லாப்ரடார் கலப்பு, 31 கிலோ, ஒன்பது வயசு, பின்னங்காலில் மூட்டுவலி. பனியில் வழுக்கி விழுவான். சாலையில் தூவும் உப்பில் பாதம் வெடிக்கும். மிளகு ஐந்தே கிலோ. எதற்கும் பயப்படாதவள். தொல்லையே அதுதான்.

எங்கே நிறுத்துவது

நாங்கள் போவது குவார்ட்ஸைட். கலிஃபோர்னியா எல்லையில் ஓடும் கொலராடோ ஆற்றுக்குக் கிழக்கே சுமார் 20 மைல், ஐ-10 நெடுஞ்சாலையும் 95ஆம் எண் சாலையும் சந்திக்கிற ஊர். சுற்றிலும் மத்திய அரசின் நிலமேலாண்மைத் துறை நிலம். எல்லோரும் பி.எல்.எம். என்றுதான் சொல்வார்கள். அதில் இரண்டு விதமாகத் தங்கலாம். டோம் ராக், ப்ளோமோசா சாலை போன்ற இடங்களில் 14 நாள் இலவசம். அப்புறம் இடத்தைக் காலி பண்ணியாக வேண்டும். ஊருக்குத் தெற்கே லா போஸா என்ற நீண்டகாலத் தங்குமிடத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை முழுப் பருவத்துக்கும் அனுமதிச்சீட்டு உண்டு. நாங்கள் வாங்கியபோது 180 டாலர். இரண்டு வாரத்துக்கு மட்டும் என்றால் அப்போது 40.

இலவசம் என்றதும் நம் கால் தானாக அந்தப் பக்கம் போகும். முதல் வருஷம் எங்கள் காலும் போனது. ஆனால் அங்கே தண்ணீர் கிடையாது, குப்பைத்தொட்டி கிடையாது. இரண்டு நாயின் மலப் பைகளை வண்டிக்குள் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? லா போஸாவில் குடிதண்ணீர்க் குழாய், கழிவு கொட்டுமிடம், குப்பைத்தொட்டி எல்லாம் உண்டு. காசு கொடுத்தே இருந்துவிடுங்கள்.

அங்கே விதி கொஞ்சம் கறார். நாய்க்கயிறு ஆறடிக்கு மேல் நீளக் கூடாது. நிலையான வேலியோ நாய் ஓடுவதற்கென்று அடைப்போ கட்டக் கூடாது. நாங்கள் மடக்குக் கம்பி அடைப்பைக் காலையில் விரித்து, இருட்டும் முன் மடக்கி உள்ளே எடுத்துவிடுகிறோம். கூடார முளை எதுவும் அந்தத் தரையில் இறங்காது, வளைந்துவிடும். ஓரடி நீளமுள்ள பெரிய திருகாணிகளை டிரில் போட்டு இறக்கினால் காற்றுக்கும் அசையாது. கிளம்பும்போது ஒன்று விடாமல் எண்ணிப் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருகிறவரின் நாய்க்கு நீங்கள் வைத்த ஆணி அது.

வண்டியின் மூக்கு கிழக்கே பார்க்கட்டும். அமெரிக்க வண்டிகளில் வாசல் வலப்பக்கம் என்பதால் வாசலும், வண்டியிலிருந்து விரிக்கும் துணிப்பந்தலும் தெற்கே வரும். குளிர்காலக் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து அடிக்கும், வண்டியே சுவராக நின்று தடுக்கும். கருப்பன் காலை எட்டு மணிக்கே வாசல் விரிப்பில் வெயில் காய ஆரம்பித்துவிடுவான். மூட்டுவலிக்கு நாங்கள் கொடுக்கும் மாத்திரையில் பாதி வேலையை அந்த வெயில் செய்கிறது என்பது இவருடைய கட்சி. நான் மருந்துக்கடையில் 22 வருஷம் வேலை பார்த்தவள், மாத்திரையை நிறுத்த விடவில்லை.

இன்னொன்று: சமமாக, சுத்தமாக, மணலாக ஓர் இடம் ஆளில்லாமல் கிடந்தால் ஆசைப்பட்டு நிறுத்தாதீர்கள். அது வறண்ட ஓடை. எங்கோ மலையில் மழை பெய்தால் இங்கே வெள்ளம் வரும்.

முள்

இங்கே முள்ளுக்கென்றே ஒரு செடி உண்டு, அதன் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தால் நமக்குச் சோழா என்றுதான் படிக்கத் தோன்றும். ஸ்பானிஷ் சொல், சோயா என்று சொல்ல வேண்டும். இவர் இன்னும் சோழர் படை என்றே சொல்கிறார். கள்ளி வகை. அதிலும் கரடிபொம்மைச் சோயா என்ற இனம் தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சு போலப் பளபளக்கும். பக்கத்தில் போனால் ஒரு மில்லிமீட்டர் இடம் விடாமல் முள். லேசாக உரசினாலே உருண்டையாகக் கழன்று ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் குதிக்கும் கள்ளி என்றும் சொல்கிறார்கள். செடி குதிப்பதில்லை. கீழே விழுந்த உருண்டைகள் காற்றில் உருண்டு பாதைக்கு வந்து கிடக்கின்றன, அவ்வளவுதான்.

இரண்டாம் வருஷம் ஜனவரியில் மிளகின் முன்னங்காலில் எலுமிச்சை அளவு உருண்டை ஒன்று ஏறிவிட்டது. நாய் என்ன செய்யும்? வாயால் பிடுங்கும். பிடுங்கினாள். இப்போது பாதி காலில், பாதி உதட்டில். அவள் கத்துவதைப் பார்த்து நான் கையால் இழுத்தேன். இப்போது என் விரலிலும். முள்ளின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு; உள்ளே சுலபமாகப் போகும், வெளியே வரும்போது சதையைப் பிடித்துக்கொண்டே வரும். பக்கத்து வண்டிக்காரர், அந்தத் தொப்பிக்காரர்தான், ஓடிவந்து சட்டைப் பையிலிருந்து ஒரு சாதாரண பிளாஸ்டிக் சீப்பை எடுத்தார். செய்ய வேண்டியது இதுதான்:

நாயை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், முதலில் தலையை. மறுபடி கடிக்க விடக் கூடாது. பல் அகன்ற சீப்பைத் தோலுக்கும் உருண்டைக்கும் நடுவில் செருகி, ஒரே சுண்டாகச் சுண்டி எறியுங்கள், ஆள் இல்லாத பக்கமாக. தயங்கித் தயங்கி இழுத்தால் வலி அதிகம். உருண்டை போனபிறகு மிச்சமிருக்கும் ஒற்றை முட்களை நோஸ் பிளையரால் அடியோடு சேர்த்துப் பிடித்து, போன வழியிலேயே நேராக இழுங்கள். பிறகு உதட்டை மடித்து, நாக்கின் அடி, ஈறு, விரலிடுக்கு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வாய்க்குள் நிறைய இருந்தாலோ தொண்டைப் பக்கம் போயிருந்தாலோ நீங்கள் போராட வேண்டாம். மருத்துவர் மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

அன்றிலிருந்து சீப்பும் பிளையரும் வண்டியில் ஒரு ஜோடி, நடைப்பையில் ஒரு ஜோடி. வண்டியில் மட்டும் இருந்தால் பிரயோசனமில்லை. நாய் ஒரு மைல் தள்ளித்தான் மிதிக்கும்.

நம் ஊர் நெருஞ்சியும் இங்கே இருக்கிறது. அதே செடி, அதே மஞ்சள் பூ, வழியோரமெல்லாம். ஆட்டுத்தலை முள் என்று இவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நடந்துகொண்டிருக்கும்போது கருப்பன் திடீரென்று மூன்று காலில் நின்றால் பாதத்தைத் திருப்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். அதை எடுக்க விரல் நகமே போதும். சீமைக்கருவேலத்தின் சொந்தக்காரர்களான மெஸ்கிட் மரங்களும் ஓடைக்கரை முழுக்க உண்டு. அந்த முள் ஷூவையே துளைக்கும்.

பாதத்துக்கு ஷூ போடலாமா என்று கேட்பார்கள். வாங்கினேன். கருப்பன் ரப்பர் அடி வைத்ததை இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டான். மிளகு ஒன்றைக் கழற்றி எங்கோ ஒளித்துவிட்டாள், மிச்சம் மூன்று டிராயரில் கிடக்கின்றன. பரவாயில்லை. சரளைத்தரை பாதத்தைத் தேய்க்கும் என்பதால் முதல் பத்து நாள் நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள், தோல் தானாகக் கெட்டிப்படும்.

குளிரும் வெயிலும் ஒரே நாளில்

டிசம்பர், ஜனவரியில் பகல் 19, 20 டிகிரி செல்சியஸ். ராத்திரி 5, 6. சில நாள் பூஜ்யத்துக்கும் இறங்கும். பாலைவனம் என்றதும் ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டு வந்த ஒரு தம்பதி எங்களிடம் போர்வை வாங்கிப்போனார்கள். குட்டை முடி நாய்க்கும் வயசான நாய்க்கும் ராத்திரிச் சட்டை கட்டாயம். தரையிலிருந்து குளிர் ஏறும், படுக்கையை ஒரு சாண் உயர்த்திப் போடுங்கள்.

வண்டியோடு வரும் ஃபர்னஸ் என்ற சூடேற்றி ப்ரொப்பேன் எரிவாயுவில் எரிந்தாலும் அதன் விசிறி பேட்டரியைத் தின்னும். எங்கள் பழைய பேட்டரி முதல் வருஷம் விடிகாலை நாலு மணிக்குப் படுத்துவிட்டது. இப்போது லித்தியம் போட்டிருக்கிறோம். டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியனே தொடுவானத்திலிருந்து 33 டிகிரி உயரம்தான் ஏறும். கூரையில் தட்டையாகக் கிடக்கும் சோலார் பலகைக்கு அது பத்தாது, தெற்கே சாய்த்து நிறுத்துங்கள். விசிறி இல்லாத சின்ன ப்ரொப்பேன் ஹீட்டர் வைத்தால் பேட்டரி மிச்சம். ஆனால் ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்தே வைக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று வாரம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். ஹீட்டரைச் சுற்றிக் கம்பித் தடுப்பும் வைத்துவிடுங்கள். மிளகின் மீசை ஒரு பக்கம் கருகியிருப்பது அதற்கு முந்தின நாள் கதை.

(குளிரில் இட்லி மாவு புளிக்காது. இன்வெர்ட்டர் இருக்கும் அலமாரிக்குள் வையுங்கள். நாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கருப்பனைக் கேட்டால் உண்டு என்பான்.)

குளிரை எல்லோரும் யோசிக்கிறார்கள். குளிர்கால வெயிலைத்தான் மறந்துவிடுகிறார்கள். வெளியே இதமான 21 டிகிரி இருக்கும்போது பூட்டிய காருக்குள் அரை மணியில் 40 ஆகிவிடும். ஆர்.வி. பெரிசு, கொஞ்சம் மெதுவாக ஏறும், ஆனால் ஏறும். நாய்களை விட்டுவிட்டுக் கடைக்குப் போவதாக இருந்தால் கூரை விசிறியைப் போட்டு, வெயில் பக்கத் திரையை இறக்கிவிட்டு, உள்வெப்பத்தைக் கைபேசிக்கு அனுப்பும் கருவியை வைத்துவிட்டுப் போங்கள். வைஃபையை நம்பி ஓடும் கருவி இங்கே உதவாது, தனி சிம் உள்ளதாகப் பாருங்கள். நாங்கள் அதற்கும் மேலே போய், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே போவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஜனவரியில் ஊரே திரளும் ஆர்.வி. கண்காட்சிக்கு நான் ஒரு நாள், அவர் ஒரு நாள். கண்காட்சிக்கு நாய்களையும் தள்ளுவண்டியில் உட்கார வைத்துக் கூட்டிவருகிறார்கள். ஸ்வெட்டர் போட்ட சிவாவாக்களைப் பார்க்கவே போகலாம்.

தண்ணீர்: நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50, 60 மில்லி என்று கணக்கு வையுங்கள். கருப்பனுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல். காற்றில் ஈரமே இல்லை என்பதால் கிண்ணத்திலிருந்தும் ஆவியாகிப் போகும். எங்கள் 150 லிட்டர் தொட்டி இரண்டு மனுஷர், இரண்டு நாய்க்குப் பத்து நாள் வருகிறது.

தூசி

இதைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். அரிசோனா மண்ணில் ஒரு பூஞ்சை இருக்கிறது. மண் கிளறும்போது அதன் வித்துகள் பறந்து மூச்சில் போனால் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்ற நோய் வரும். மனுஷருக்கும் வரும், நாய்க்கும் வரும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. மூக்கை மண்ணில் வைத்தே வாழ்கிற பிராணி நாய் என்பதால் அதற்கு ஆபத்து கூடுதல். ஆரம்பத்தில் வறட்டு இருமல், காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு. எலும்புக்குப் பரவினால் நொண்டல். பெரும்பாலும் ஃப்ளுகோனசோல் மாத்திரைதான் கொடுப்பார்கள், பல மாதம் கொடுக்க வேண்டிவரும்.

நொண்டல் என்றதும் எனக்கு ஏன் பயம் வந்தது என்று புரிந்திருக்கும். மூன்றாம் வருஷம் ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துக் கருப்பன் இன்னொரு காலை இழுக்க ஆரம்பித்தான். மருத்துவர் மூட்டுவலி முற்றுகிறது என்றார். நானாகத்தான் அரிசோனா பெயரை எடுத்தேன். ரத்தப் பரிசோதனை செய்தார்கள், நல்லவேளை, இல்லை. வெறும் மூட்டுவலிதான். ஆனால் ஒஹாயோ மருத்துவருக்கு அந்த நோய் சட்டென்று நினைவுக்கு வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்: இந்த நாய் பாலைவனத்தில் நாலு மாதம் இருந்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் சொல்லுங்கள்.

முழுசாகத் தடுக்க வழியில்லை. குழி தோண்ட விடாதீர்கள், புழுதி பறக்கும் நாளில் உள்ளே இருங்கள், மணலில் ஓட்டி விளையாடும் வண்டிகள் போகும் தடத்தின் ஓரத்தில் முகாம் போடாதீர்கள். வாசலில் பெரிய விரிப்பு போட்டால் புழுதி பாதி குறையும்.

ராத்திரி வருகிறவை

கயோட்டி என்கிற ஓநாய் ஜாதி மிருகம் ராத்திரி கூட்டமாக ஊளையிடும். முதல் தடவை கேட்டால் வயிறு கலங்கும், பிறகு தூக்கம் வர அது வேண்டியிருக்கும். ஐந்து கிலோ நாய் அதற்கு முயல். பெரிய கொம்பு ஆந்தையும் சின்ன நாயைத் தாக்கலாம். பொழுது சாய்ந்த பிறகு மிளகு கயிறில்லாமல் ஒரு நிமிஷம்கூட வெளியே கிடையாது. மூத்திரத்துக்குப் போனாலும் நான் கூடவே, கழுத்தில் விளக்குப் பட்டையோடு. கம்பி அடைப்பு நம் நாயை உள்ளே வைக்கும், கயோட்டியை வெளியே வைக்காது. காட்டுக் கழுதைகளும் திரிகின்றன. பார்க்கச் சாது. நாயைப் பார்த்தால் உதைக்கும், விலகியே நடத்துங்கள்.

விரியன் வகையான கிலுகிலுப்பைப் பாம்பு குளிர்காலத்தில் பெரும்பாலும் வளைக்குள். பெரும்பாலும் என்ற சொல்லைக் கவனியுங்கள். பிப்ரவரி கடைசியில் நாலைந்து நாள் தொடர்ந்து வெயில் அடித்தால் வெயில் காய வெளியே வரும். புதர் அடி, கல் இடுக்கு, எலிக் கூடு எதிலும் மூக்கை விட அனுமதிக்காதீர்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். முடிந்தால் நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடுங்கள். போகும் வழியிலேயே போன் பண்ணி விஷமுறி மருந்து கைவசம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் எந்த மருத்துவமனை என்று முடிவு செய்ய வேண்டும். எல்லா இடத்திலும் வைத்திருக்க மாட்டார்கள். வந்த முதல் வாரமே ப்ளைத், பார்க்கர், யூமா மூன்று ஊரிலும் விசாரித்து, எண்களைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். யூமா 80 மைல்.

யூமா போய்த் திரும்பும்போது 95ஆம் சாலையில் எல்லைக் காவல்படையின் சோதனைச்சாவடி உண்டு. கிரீன் கார்டுக்காரர்கள் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வரக் கூடாது. நாயின் ரேபிஸ் சான்றிதழையும் அதே உறையில் வையுங்கள். அங்கே மோப்பநாய் நிற்கும். கருப்பன் அதைப் பார்த்து ஊரைக் கூட்டுவான். ஜன்னலை முன்னாலேயே ஏற்றிவிடுவது நல்லது.

கிளம்பும் நேரம்

அனுமதி ஏப்ரல் 15 வரை என்பதற்காக அதுவரை உட்கார வேண்டியதில்லை. மார்ச் பாதியிலிருந்து மத்தியானம் இரண்டு மணிக்குப் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஏழு நொடி தாங்க முடியாவிட்டால் பாதமும் தாங்காது. அன்றைக்கு இவரிடம் சொல்லிவிடுவேன், அவரும் பந்தலைச் சுருட்ட ஆரம்பிப்பார். கொலம்பஸுக்கு சுமார் 2,000 மைல், நாங்கள் ஆறு நாள் எடுத்துக்கொள்கிறோம். ஐ-40 வழியாகப் போனால் ஃபிளாக்ஸ்டாஃப் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, அந்த மாதத்திலும் பனி பெய்யும். அதனால் ஐ-10இலேயே கிழக்கே நியூ மெக்ஸிகோ வரை வந்து பிறகு வடக்கே ஏறுகிறோம். இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தம். ஓய்விடப் புல்தரையைப் பார்த்ததும் கருப்பன் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு முதுகால் உருளுவான், அதற்கு இன்னொரு பத்து நிமிஷம் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.